பகா எண்ணுக்குப் பெயர் தந்த பாரிசுத் துறவி

அறிவுலகில் பெரும்பாலோர் பெயர் அவர்கள் கண்டு நிறுவிய உண்மைகளால் நிலைபெறுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென்னின் பெயரோ ஒரு பட்டியலால் நிலைபெற்றது. 1644ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அப்பட்டியலில் ஐந்து பிழைகள் உள்ளன. அவை முற்றும் களையப்பட முந்நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆயினும், 2024ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பிழையோடு விடை சொன்ன ஒருவருக்கு இத்தகைய பெருமை எங்ஙனம் வாய்த்தது? அவர்தம் வாழ்க்கையை அறிந்தோர்க்கு இவ்வினாவின் விடை எளிதிற் புலப்படும்.

பிறப்பும் கல்வியும்

பிரான்சு நாட்டின் மேற்கே மேன் என்னும் பகுதியில் உவாசே என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில், எளிய குடும்பமொன்றில், 1588ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் மெர்சென் பிறந்தார். லெ மான் நகரில் இளமைக் கல்வி பயின்றபின், இயேசு சபையார் லா ஃபிளெஷ் என்னும் ஊரில் புதிதாகத் தொடங்கியிருந்த கல்லூரியில் 1604ஆம் ஆண்டு சேர்ந்தார். பிற்காலத்தில் பெரும் மெய்யியலாளராகப் புகழ்பெற்ற தெக்கார்த்தும் அக்கல்லூரி மாணவரே. அவர் மெர்சென்னுக்கு எட்டு ஆண்டு இளையவர். இருவர்க்கும் இடையே வேரூன்றிய நட்பு பின்னர்ப் பாரிசு நகரில் மலர்ந்ததாகும்.

பாரிசில் இறையியல் கற்று முடித்த மெர்சென் 1611ஆம் ஆண்டு மினிம் சபையில் துறவு பூண்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியரான புனித பிரான்சிசு பவோலா நிறுவிய சபை அது. யாவரினும் சிறியோர் என்பதே அப்பெயரின் பொருள். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று நோன்புகளோடு அச்சபையார் நான்காவது நோன்பு ஒன்றும் மேற்கொண்டனர். ஊன், முட்டை, பால், பாலிலிருந்து பெறும் பொருள்கள் ஆகிய அனைத்தையும் வாழ்நாள் முழுவதும் விலக்குவதே அந்நோன்பு. செபமும் கல்வியும் அவர்களுடைய அன்றாடக் கடன்களாக இருந்தன.

நெவேர் நகரத் துறவு மடத்தில் சில ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் கற்பித்தபின், 1619ஆம் ஆண்டில் மெர்சென் பாரிசுக்குத் திரும்பினார். அரச சதுக்கத்தின் அருகே அமைந்திருந்த மடத்தில் அவருக்கு ஓர் அறை தரப்பட்டது. இடையிடையே மேற்கொண்ட சில பயணங்கள் நீங்கலாக, எஞ்சிய இருபத்தொன்பது ஆண்டுகளும் அவ்வறையிலேயே கழிந்தன.

சினந்தவர் கனிந்த கதை

தொடக்கத்தில் மெர்சென் சமயப் போராளியாகவே எழுதுகோல் ஏந்தினார். விவிலியத்தின் தொடக்க நூலாகிய ஆதியாகமத்துக்கு 1623ஆம் ஆண்டில் அவர் எழுதிய பெரும் விளக்கவுரை, இறைமறுப்பாளர் என அவர் கருதியவர்களைக் கடுஞ்சொற்களால் சாடியது. ஈராண்டுகளுக்குப் பின் வெளிவந்த அறிவியல்களின் உண்மை என்னும் நூலில் அவர் வேறொரு பாதையிற் சென்றார். எதையும் உறுதியாக அறிய இயலாது என வாதிட்ட ஐயவாதிகளுக்கு அந்நூல் விடை கூறியது. பொருள்களின் உள்ளியல்பை மனிதன் அறியமாட்டான் எனினும், அவற்றின் அளவையும் ஒழுங்கையும் அறியலாம். அவ்வறிவுக்குக் கணிதமே சான்று என்பது அவர் முடிவு. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்நூலின் பெரும்பகுதி கணிதத்துக்கே உரியதாயிற்று.

அதன்பின் அவருடைய நாட்டம் வசைபாடுவதில் செல்லவில்லை. அளப்பதிலும் எண்ணுவதிலும் வினவுவதிலும் சென்றது. 1636, 1637 ஆண்டுகளில் வெளிவந்த உலகளாவிய ஒத்திசை என்னும் நூல் இசையியலில் ஒரு களஞ்சியம். நரம்பின் நீளம், இழுவிசை, எடை ஆகியவற்றுக்கும் அதன் சுருதிக்கும் உள்ள தொடர்பை அவர் விதிகளாக வகுத்தார். நீளம் இரு மடங்கானால் அதிர்வு பாதியாகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வு இரு மடங்காகும். கண்ணால் எண்ணத்தக்க அளவு மெதுவாக ஆடும் மிக நீண்ட நரம்புகளைக் கட்டி, அவற்றின் அசைவுகளை எண்ணி இம்முடிவுகளை அவர் உறுதிசெய்தார். வீணையும் வயலினும் இவ்விதிகளின்படியே இன்றும் ஒலிக்கின்றன.

கலீலியோவுக்கு 1633ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபை தண்டனை விதித்தது. அத்திருச்சபையின் துறவியான மெர்சென், அடுத்த ஆண்டிலேயே கலீலியோவின் இயக்கவியல் நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டார். இத்தாலிய மூலமே அப்போது அச்சேறவில்லை. 1639ஆம் ஆண்டில் கலீலியோவின் புதிய ஆய்வுகளையும் பிரெஞ்சு மக்களுக்கு எடுத்துரைத்தார். அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டார் என்பதற்கில்லை. விழும் பொருள் பற்றிய கலீலியோவின் அளவுகளைத் தாமே மீண்டும் சோதித்து, ஐயம் எழுந்த இடங்களில் அதனையும் வெளிப்படையாக எழுதினார். கீழ்ப்படிதலை நோன்பாகக் கொண்ட ஒருவர், உண்மைக்கும் கடன்பட்டவராக நடந்துகொண்ட திறம் இதனால் விளங்கும்.

அறையே அவை

அக்காலத்தில் அறிவியல் இதழ் என்று ஒன்று உலகில் இல்லை. பாரிசிலும் இலண்டனிலும் முதல் இதழ்கள் தோன்றியது 1665ஆம் ஆண்டில். அது மெர்சென் மறைந்து பதினேழு ஆண்டுகள் கழிந்தபின். ஓர் ஊரில் ஒருவர் கண்ட உண்மை அடுத்த ஊருக்குச் செல்ல வேண்டுமாயின் மடல் ஒன்றே வழி. அம்மடல்கள் வந்து கூடும் சந்தியாக மெர்சென்னின் சிற்றறை விளங்கியது. ஆலந்து நாட்டில் ஒதுங்கி வாழ்ந்த தெக்கார்த், துலூசு நகரில் நீதிமன்ற உறுப்பினராகப் பணியாற்றிய ஃபெர்மா, இத்தாலியில் கலீலியோவும் டாரிசெல்லியும், ஆங்கில மெய்யியலாளர் ஹாப்ஸ், இளைஞர் கிறித்தியான் ஹைகென்ஸ் எனப் பலரும் அவரோடு மடல்வழித் தொடர்பு கொண்டிருந்தனர். அவர் மறைந்தபின் அவ்வறையில் எழுபத்தெட்டுப் பேரின் மடல்கள் கிடைத்தன. அவருடைய மடற்போக்குவரத்து பதினேழு தொகுதிகளாக 1932 முதல் 1988 வரை அச்சிடப்பட்டது.

1635ஆம் ஆண்டளவில் அவர் பாரிசிலிருந்த கணித ஆர்வலரை ஒன்றுகூட்டி ஓர் அவையை நடத்தத் தொடங்கினார். ரொபர்வால், எத்தியேன் பாஸ்கல் முதலியோர் அதன் உறுப்பினர். எத்தியேனின் மகன் பிளேசு பாஸ்கல் சிறுவனாகவே அங்கு வரத் தொடங்கி, பதினாறாம் வயதில் கூம்பு வெட்டுகள் பற்றிய தம் முதற் கண்டுபிடிப்பை அவ்வட்டத்தினர்முன் வைத்தார். 1666ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அறிவியல் கழகத்தை நிறுவுவதற்கு இத்தகைய கூட்டங்களே முன்னோடி.

இப்பணியில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. ஒருவர் எழுதிய மடலை மற்றொருவர்க்குக் காட்டுவதும், ஒருவர் கருத்துக்கு மற்றொருவரிடம் மறுப்புக் கேட்பதும் மெர்சென்னின் வழக்கம். 1637, 1638 ஆண்டுகளில் தெக்கார்த்துக்கும் ஃபெர்மாவுக்கும் இடையே மூண்ட கசப்பான சொற்போர் இவர் கைவழியாகவே நிகழ்ந்தது. எனினும் அதே வழக்கம் நன்மையும் பயந்தது. தெக்கார்த்தின் மெய்யியல் சிந்தனைகள் நூலுக்கு ஹாப்ஸ், காசெந்தி முதலியோரிடம் மறுப்புரைகள் திரட்டித் தந்தவர் மெர்சென். 1641ஆம் ஆண்டில் அம்மறுப்புகளும் ஆசிரியர் விடைகளும் நூலோடு சேர்ந்தே வெளிவந்தன.

எண்களின்பால் ஈர்ப்பு

மெர்சென்னைப் பெரிய பகா எண்களிடம் இட்டுச் சென்றது நிறைவெண் என்னும் பழைய புதிர். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும், அதனினும் சிறிய எண்களைக் கூட்டினால் அவ்வெண்ணே வருமாயின் அது நிறைவெண். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றைக் கூட்ட ஆறு வரும். ஆகவே 6 முதல் நிறைவெண். அடுத்தவை 28, 496, 8128.

இவற்றை ஆக்கும் வழியைக் கிரேக்க அறிஞர் யூக்ளிட் வகுத்திருந்தார். இரண்டைச் சில முறை அடுக்கிப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். கிடைப்பது பகா எண்ணாயின், அதனை அதற்கு முந்தைய அடுக்கால் பெருக்க நிறைவெண் பிறக்கும். காட்டாக, மூன்று இரண்டுகளைப் பெருக்க 8. ஒன்றைக் கழிக்க 7. இது பகா எண். 7ஐ 4ஆல் பெருக்க 28. ஆகவே எந்த அடுக்குக்குப் பகா எண் கிடைக்கும் என்பதே முழுப் புதிரும் அடங்கிய வினாவாயிற்று.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணே. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலோ எதுவும் நிகழலாம். 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளுக்குப் பகா எண் கிடைக்கிறது. 11ஆம் அடுக்குக்குக் கிடைக்கும் 2047, 23ஐ 89ஆல் பெருக்கிய பகு எண். 17, 19 ஆகிய அடுக்குகள் பகா எண் தருவதை இத்தாலியரான கத்தால்தி, மெர்சென் பிறந்த 1588ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டறிந்தார்.

இவ்வினாவை மெர்சென் தம் நண்பர்களிடையே சுற்றுக்கு விட்டார். 1640ஆம் ஆண்டில் ஃபெர்மாவிடமிருந்து வந்த விடை, எண் கோட்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அடுக்கு இரண்டினும் பெரிய பகா எண்ணாயின், கிடைக்கும் எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், அடுக்கின் இரு மடங்கினது ஏதேனும் ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவிலேயே இருக்கும் என ஃபெர்மா எழுதினார். 37ஆம் அடுக்குக்குரிய எண் 137438953471. இதனை வகுக்கும் எண்ணைத் தேடுவோர் 3, 5, 7 என எல்லாப் பகா எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. 74இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 75, 149, 223 என வரும். 75 பகு எண்; 149 வகுக்காது; 223 மீதியின்றி வகுக்கும். பல நாள் வேலை சில நொடி வேலையாயிற்று.

1643ஆம் ஆண்டில் 100895598169 என்னும் எண் பகா எண்ணா என மெர்சென் வினவினார். அது 112303, 898423 என்னும் இரு பகா எண்களின் பெருக்கம் என ஃபெர்மா விடை விடுத்தார். மெர்சென்னின் வினாக்கள் இவ்வாறு பிறர் அறிவைத் தீட்டும் சாணைக் கல்லாக அமைந்தன.

பட்டியலும் பிழையும்

1644ஆம் ஆண்டில் வெளியான இயற்பியல் கணிதச் சிந்தனைகள் என்னும் இலத்தீன் நூலின் முன்னுரையில் மெர்சென் தம் பட்டியலைத் தந்தார். முன்னோர் ஒருவர் நிறைவெண்கள் எனத் தந்த இருபத்தெட்டு எண்களில் எட்டே மெய்யானவை என்று காட்டி, மேலும் மூன்றைத் தாம் சேர்த்தார். அதன்படி, 257 வரையுள்ள ஐம்பத்தைந்து பகா அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண் தருவன.

257ஆம் அடுக்குக்குரிய எண் எழுபத்தெட்டு இலக்கங்கள் கொண்டது. பதினைந்து இருபது இலக்கமுள்ள எண் ஒன்று பகா எண்தானா எனத் தெளிவதற்கே காலமெல்லாம் போதாது என்பதை மெர்சென்னே அந்நூலில் ஒப்புக்கொண்டார். பட்டியலுக்கு மெய்ப்பிப்பு எதுவும் அவர் எழுதிவைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது மங்கலாக இல்லை. இன்ன அடுக்குகள் ஆம், ஏனையவை இல்லை என அறுதியிட்டுச் சொன்னார். தவறாயின் தவறு எனப் பிறர் காட்டுவதற்கு இடம் தரும் கூற்று அது.

நான்கு ஆண்டுகளுக்குப்பின் நுரையீரலில் சீழ்க்கட்டி தோன்றி மெர்சென் நோயுற்றார். 1648ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், அறுபதாம் அகவை நிறைய ஒரு வாரம் இருக்கையில், நண்பர் காசெந்தியின் அரவணைப்பில் உயிர் நீத்தார். தம் உடலை அறுத்து நோயின் காரணத்தை ஆராயுமாறு முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் கட்டியைத் தேடி அறுத்த இடம் தவறு என்பது அதனால் தெரியவந்தது. இறந்தபின்னும் பிழை காணப்படுவதை விரும்பியவர் அவர்.

முந்நூறு ஆண்டு விடை

பட்டியலின் முதற் பெரும் சோதனை 1772ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 31ஆம் அடுக்குக்குரிய 2147483647 பகா எண்ணே என ஆய்லர் நிறுவினார். மெர்சென் வென்றார். அடுத்த நூறு ஆண்டுகள் அதனினும் பெரிய அடுக்கு எதுவும் பகா எண் தருவதாக எவரும் நிறுவவில்லை.

1876ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா புதுவழி கண்டார். வகுக்கும் எண்ணைத் தேடாமலே ஓர் எண் பகா எண்ணா என்று தீர்மானிக்கும் வழி அது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்கர் லெமர் அதனைச் செம்மைப்படுத்தினார். 31 என்னும் சிறிய எண்ணைக் கொண்டு அதனை விளக்கலாம். 4இல் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழிக்க 14. அதன் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழிக்க 194. 31ஆல் வகுத்த மீதி 8. மீண்டும் 8இன் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழிக்க 62. இதனை 31 மீதியின்றி வகுக்கும். அடுக்கினும் இரண்டு குறைந்த படிகளில், அதாவது ஐந்தாம் அடுக்குக்குரிய 31இல் மூன்றாம் படியில், மீதி இல்லாது போயின் அது பகா எண். இல்லையேல் பகு எண்.

லூக்கா தம் வழியால் 127ஆம் அடுக்குக்குரிய, முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட எண் பகா எண்ணே என நிறுவினார். மெர்சென் மீண்டும் வென்றார். அதே ஆண்டில் 67ஆம் அடுக்குக்குரியது பகு எண் என்றும் லூக்கா காட்டினார். அங்கே மெர்சென் தோற்றார். ஆயினும் அதன் காரணிகள் எவை என்பது வெளிப்படவில்லை. 1903ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்னும் பேராசிரியர் அவற்றை வெளியிட்டார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 147573952589676412927 என்னும் அவ்வெண்ணைக் கணக்கிட்டு, பின்னர் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கி அதே விடை வரக்காட்டி அமர்ந்தார் என்பர்.

பட்டியலில் விடுபட்டவையும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 61ஆம் அடுக்கை 1883ஆம் ஆண்டில் கண்டறிந்த பெர்வுஷின் உருசிய நாட்டுச் சிற்றூரொன்றின் குருவானவர். 89ஐ 1911ஆம் ஆண்டிலும் 107ஐ 1914ஆம் ஆண்டிலும் வெளியிட்ட பவர்ஸ் அமெரிக்க இரயில்வே ஊழியர். 257ஆம் அடுக்குக்குரியது பகு எண் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. 1947ஆம் ஆண்டில் ஐம்பத்தைந்து அடுக்குகளின் சோதனையும் முற்றுப்பெற்றது. 67, 257 தவறாகச் சேர்ந்தவை. 61, 89, 107 தவறாக விடுபட்டவை. ஏனைய ஐம்பதும் சரி.

வாழும் வினா

1952ஆம் ஆண்டு சனவரியில் லாஸ் ஏஞ்சலிசில் ஒரு மின்னணுக் கணிப்பொறி லூக்காவின் சோதனையைச் செய்து, 521, 607 ஆகிய அடுக்குகளின் பகா எண்களை ஒரே நாளில் கண்டது. 1996ஆம் ஆண்டில் உலகெங்கும் உள்ள ஆர்வலர் தத்தம் கணிப்பொறிகளை இணைத்துத் தேடும் கூட்டுமுயற்சி தொடங்கியது. அவ்வழியே 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 13,62,79,841ஆம் அடுக்குக்குரிய பகா எண் உறுதிசெய்யப்பட்டது. அதன் இலக்கங்கள் 4,10,24,320. அது அறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் ஐம்பத்திரண்டாவது. இவ்வகை எண்களுக்கு முடிவு உண்டா இல்லையா என்பது அதுவரை எவராலும் நிறுவப்படாத வினாவாகவே நின்றது.

ஒருவர் பகுதியை ஒருவர் சோதித்து, கண்டதை யாவர்க்கும் அறிவித்து, பிழையாயின் திருத்திக்கொள்ளும் இக்கூட்டுமுயற்சி, பாரிசு மடத்துச் சிற்றறையில் மடல்களோடு நடந்த அதே பணியின் தொடர்ச்சியாகும். ஃபெர்மாவும் ஆய்லரும் லூக்காவும் மெர்சென்னைவிடப் பன்மடங்கு ஆற்றல் மிக்க கணிதர்கள். ஆயினும் இவ்வெண்களுக்கு வழங்குவது அவர்கள் பெயரன்று. ஊரூராகச் சிதறிக் கிடந்த அறிஞரை ஒரு வினாவைச் சுற்றி அமரச் செய்த துறவியின் பெயரே வழங்குகிறது. யாவரினும் சிறியோர் என்னும் பெயர்கொண்ட சபையில் வாழ்ந்தவர்க்கு, அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்கள் நினைவுச் சின்னங்களாக அமைந்தமை பொருத்தமே.